ஆலும் ஓடும்

சிங்காநல்லூர், கோயம்புத்தூர்
18 ஜூலை 2025, ஆடி 2

அன்புள்ள கண்ணு,

பெரியப்பா எழுதுவது. நேற்றுதான் ஆடி பிறந்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மொட்டைமாடியில் ஒரு துணியை நிற்க விடுவதில்லை. திருச்சூரில் உங்கள் விடுதிப் பக்கம் மழை விடாமல் அடிக்கும் என்று நினைக்கிறேன். போன தடவை வந்தபோது கம்பி உடைந்த குடையைத்தான் எடுத்துக்கொண்டு போனாய். புதுசு வாங்கிவிட்டாயா?

நீ அனுப்பிய ஆய்வேட்டுப் பக்கங்களை ஃபோனில் படிக்கச் சிரமமாக இருந்தது. முக்குக் கடையில் பிரிண்ட் போட்டு வாங்கி இரண்டு தடவை படித்தேன். தென்னையை எடுத்துக்கொண்டது எனக்கு மிகவும் சந்தோசம். நம் தோட்டத்து மரங்களுக்குக் கீழே தவழ்ந்த பிள்ளை அதே மரத்தைப் பற்றி ஆய்வு எழுதுகிறது என்று உன் பெரியம்மா அக்கம்பக்கம் எல்லாம் சொல்லிவிட்டாள்.

உன் கேள்வி ஒரே வரி. "பெரியப்பா, கோரிலேஷன்ங்கற வார்த்தைய எங்க போடலாம், எங்க போடக்கூடாதுங்க? மேடம் மூணு இடத்துல சுழிச்சுட்டாங்க." ஃபோனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் 32 வருசம் நூல் மில்லின் தரச் சோதனைக் கூடத்தில் அந்தச் சொல்லோடு தினமும் புழங்கியவன் நான். அந்தச் சொல் நம் வீட்டுக்கும் ஒரு விதத்தில் கடன்பட்ட சொல். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் மேடம் சுழித்த இடங்கள். ஒரு இடத்தில் 'கோ' என்று போட்டு, நடுவில் ஒரு கோடு இழுத்து, 'ரிலேஷன்' என்று எழுதியிருக்கிறாய். இன்று அப்படி எழுதுவதில்லை. ஒரே சொல், நடுவில் இரண்டு 'ஆர்'. ஆனால் அதற்காக நீ கூச்சப்பட வேண்டாம். 1888 டிசம்பரில் லண்டன் ராயல் சொசைட்டிக்குப் பிரான்சிஸ் கால்ட்டன் கொடுத்த கட்டுரையின் தலைப்பிலேயே அந்தக் கோடு இருந்தது. அதற்கு முன்பும் இயற்கை நூலார் அந்தச் சொல்லை ஆண்டிருக்கிறார்கள். அதை ஒரு எண்ணாக அளக்க முடியும் என்று காட்டியது அந்தக் கட்டுரைதான். அவர் அளந்தவற்றில் இரண்டு, ஆளின் உயரமும் முழங்கையிலிருந்து விரல் நுனி வரையுள்ள நீளமும். நம் பூக்காரம்மா 'முழம்' என்று அளப்பதே அதுதான். உயரமானவருக்கு முழமும் நீளமாக இருக்கிறது. எவ்வளவு உறுதியாக என்றால் 0.8 என்று அவர் கண்டார். 1896-ல் கார்ல் பியர்சன் கொடுத்த சூத்திரத்தைத்தான் இன்று உன் கம்ப்யூட்டர் போடுகிறது. அந்த எண் கழித்தல் 1-க்கும் கூட்டல் 1-க்கும் நடுவில் எங்காவது நிற்கும்.

கோவையில் ஸ்டேன்ஸ் மில் என்று ஊர் சொல்லும் ஸ்பின்னிங் அண்டு வீவிங் மில் தொடங்கியதும் அதே 1888-தான். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, ஒரே வருசத்தில் நடந்தது என்பதைத் தவிர. இதை மனதில் வைத்துக்கொள், பின்னால் வேண்டியிருக்கும்.

இரண்டாவது சுழி. 'டெம்பரேச்சர் ஹேஸ் கோரிலேஷன்' என்று எழுதி அங்கேயே முற்றுப்புள்ளி வைத்துவிட்டாய். இந்தச் சொல் தனியாக நிற்காது. எப்போதும் இரண்டு பேர் வேண்டும். பெயர்ச்சொல்லாக வந்தால் 'பிட்வீன்' போட்டு இருவரையும் சொல்ல வேண்டும். வினையாக வந்தால் 'கோரிலேட்ஸ் வித்'. அந்த 'வித்' முக்கியம். மழையைக் காயோடு சேர்த்துக் கணக்குப் போட்டாலும், காயை மழையோடு சேர்த்துப் போட்டாலும் வரும் எண் ஒன்றேதான். யார் முன்னால், யார் பின்னால் என்று அந்த எண்ணுக்குத் தெரியாது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: 'நெகட்டிவ்' என்றால் கெட்டது என்று பொருளில்லை. ஒன்று ஏற மற்றது இறங்குகிறது, அவ்வளவுதான். பஞ்சில் குட்டை இழை கூடக்கூட நூலின் வலு குறையும்; அது நெகட்டிவ். 0.8 வந்தால் 80 சதவீதம் என்றும் எழுதாதே. அதன் வர்க்கம் 0.64. ஒன்றின் ஏற்ற இறக்கத்தில் 64 சதவீதத்துக்கு மற்றதைக் கொண்டு கணக்குச் சொல்லலாம் என்பதே அதன் அர்த்தம்.

மூன்றாவது சுழிதான் பெரியது. அட்டவணையில் கோரிலேஷன் என்று சரியாக எழுதிய நீ, முடிவுரைக்கு வந்ததும் 'ட்யூ டு' என்று எழுதிவிட்டாய். 'ட்யூ டு', 'பிகாஸ் ஆஃப்', 'லெட் டு' இதெல்லாம் காரணம் சொல்லும் சொற்கள். உன் கணக்கு காரணத்தைக் காட்டவே இல்லையே, கண்ணு.

இதை ஆங்கிலத்தில் விளக்குவதைவிட நம் இலக்கணத்தில் விளக்குவது சுலபம். பத்தாம் வகுப்பில் வேற்றுமை உருபுகளை ராகம் போட்டுப் படித்தாயே, மூன்றாம் வேற்றுமைக்கு என்ன உருபு? ஆல், ஆன், ஒடு, ஓடு. கருவியையும் செய்தவரையும் சொல்ல 'ஆல்'. கூட நடந்ததைச் சொல்ல 'ஓடு'. அதற்கு உடனிகழ்ச்சி என்று பெயரே வைத்திருக்கிறார்கள். 'மழையோடு காற்று வந்தது' என்பது வேறு, 'மழையால் சுவர் விழுந்தது' என்பது வேறு. இரண்டையும் ஒரே வேற்றுமைக்குள் அடுத்தடுத்து வைத்தாலும் நம் முன்னோர் குழப்பிக்கொள்ளவில்லை. கோரிலேஷன் என்பது ஓடு. காரணம் என்பது ஆல். உன் அட்டவணை 'ஓடு' சொல்கிறது, உன் முடிவுரை 'ஆல்' சொல்கிறது. மேடம் சுழித்தது அந்தத் தாவலைத்தான்.

கோவைக்காரர்கள் எல்லோரும் சொல்லும் கதையை எடுத்துக்கொள். 1932-ல் பைக்காரா மின்சாரம் வந்தது, அந்தப் பத்தாண்டில் இங்கே மில்கள் மளமளவென்று பெருகின. மின்சாரத்தோடு மில்கள் வந்தன என்றால் யாரும் மறுக்க முடியாது. மின்சாரத்தால்தான் வந்தன என்று அடித்துச் சொன்னால், பருத்தி விளைந்த கரிசல் மண்ணை எங்கே வைப்பது? விவசாயத்தில் சேர்த்த காசை மில்லில் போட்ட குடும்பங்களை எங்கே வைப்பது? மின்சாரம் பெரிய காரணம் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அதைச் சொல்ல இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மட்டும் போதாது.

தமிழில் இந்தச் சொல்லுக்கு என்ன போடுவது என்றும் கேட்டிருந்தாய். பிளஸ் ஒன் வணிகக் கணிதப் புத்தகத்தில் 'ஒட்டுறவு' என்று இருக்கிறது. உடன்தொடர்பு என்று எழுதுபவர்களும் உண்டு. எனக்கு ஒட்டுறவு பிடிக்கும். "அவங்களோட நமக்கு ஒட்டுறவு இல்லீங்க" என்று ஊரில் சொல்கிறோமே, அதே சொல். உறவு என்றதும் எல்லாம் தாய்-பிள்ளை உறவு ஆகிவிடாது. பங்காளிகள் இருவர் ஒரே சாயலில் இருப்பார்கள், ஒருவரை ஒருவர் பெற்றதில்லை. இருவருக்கும் மேலே ஒரு தாத்தா இருப்பார். உன் ஆய்வில் வெப்பமும் குறைந்த காயும் தாய்-பிள்ளையா, பங்காளிகளா? இரண்டுக்கும் மேலே மழையின்மை என்ற தாத்தா இருக்கிறதா? இது தெரியாமல் எழுதாதே. உக்கடம் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர் போல ஒரு உறவும் இல்லாத இருவராகக்கூட இருக்கலாம். அந்த 1888 நினைவிருக்கிறதல்லவா?

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. அதையும் மில்லில்தான் கற்றேன். ரிங் பிரேம் ஓடும் ஷெட்டில் நூல் எத்தனை முறை அந்துபோகிறது என்று ஷிப்டுக்கு ஷிப்டு எண்ணுவோம். ஈரப்பதத்தையும் குறிப்போம். ஒரு வருசக் கணக்கை எடுத்து, புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் இரண்டுக்கும் கோரிலேஷன் போட்டான். ஏறக்குறைய பூஜ்யம். 'ஈரப்பதத்துக்கும் நூல் அந்துபோவதற்கும் சம்பந்தம் இல்லை' என்று எழுதிக் கொண்டுவந்து நீட்டினான். மேஸ்திரிக்கு முகமே மாறிவிட்டது. "காத்து காஞ்சாலும் அந்துபோகும், ஓதம் ஏறுனாலும் ரோலர்ல சுத்திக்கிட்டு அந்துபோகும். இது தெரியாமயா தம்பி இருவது வருசமா மிசின் ஓட்டறேன்?" என்றார்.

அவர் சொன்னது முழுக்கச் சரி. ஈரப்பதம் 55, 60 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நூல் நன்றாக ஓடும். அதற்குக் கீழே போனால் இழைகள் மின்னேற்றம் பிடித்து சிலிர்த்துக்கொள்ளும். மேலே போனால் உருளையில் ஒட்டிச் சுற்றும். புள்ளிகளைத் தாளில் போட்டுப் பார்த்தால் குழியான கிண்ணம் போல வரும். இடது பக்கம் இறங்கி வலது பக்கம் ஏறுவதால் பியர்சனின் கணக்கில் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு பூஜ்யம் ஆகிவிடுகிறது. அந்த எண் நேர்கோட்டை மட்டும்தான் தேடும். அன்றிலிருந்து யார் கோரிலேஷன் என்று காகிதம் கொண்டுவந்தாலும், "புள்ளிகளை முதலில் காட்டு" என்பேன். உனக்கும் அதைத்தான் சொல்கிறேன். உன் பக்கங்களில் ஒரு படம்கூட இல்லை.

அப்படியானால் காரணம் காட்டாத இந்த எண்ணால் என்ன பயன் என்று நீ கேட்பாய். பெரிய பயன் உண்டு. நம் மழையைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி இந்த எண்ணிலிருந்து தொடங்கியதுதான். 1899-ல் பருவமழை பொய்த்துப் பெரும் பஞ்சம் வந்தது. அதற்குச் சில வருசம் கழித்து, 1904-ல், கேம்பிரிட்ஜில் கணிதம் படித்த கில்பர்ட் வாக்கர் என்பவர் இந்திய வானிலைத் துறையின் தலைவராக வந்தார். மழை ஏன் பொய்க்கிறது என்று அவருக்கும் தெரியாது. தெரியாததால் தேடினார். உலகம் முழுவதிலுமிருந்து காற்றழுத்தம், வெப்பம், மழை என்று கணக்குகளை வரவழைத்து, ஒவ்வொன்றையும் ஒவ்வொன்றோடும் சேர்த்துக் கோரிலேஷன் போடச் செய்தார். கம்ப்யூட்டர் ஏது அன்று? இந்தியக் குமாஸ்தாக்கள் உட்கார்ந்து கையால் போட்டார்கள். அந்தக் குமாஸ்தாக்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது. அவர்களில் ஒருவர் பெயரும் பள்ளிக்கூடப் புத்தகத்தில் இல்லை.

பசிபிக் பக்கம் காற்றழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது, அது ஏறினால் இது இறங்குகிறது என்று 1920-களில் வாக்கர் கண்டு, தெற்கு அலைவு என்று பெயர் வைத்தார். ஏன் அப்படி என்று அவரால் சொல்ல முடியவில்லை. 1969-ல்தான் ஜேக்கப் பியர்க்னஸ் அதை எல் நினோ எனும் கடல் வெப்பத்தோடு பிணைத்துக் காரணம் சொன்னார். ஏறக்குறைய 45 வருசம் 'ஓடு' காத்திருந்தது, 'ஆல்' வந்து சேர. அந்த 'ஓடு' இல்லாவிட்டால் எங்கே தேடுவது என்றே யாருக்கும் தெரிந்திருக்காது.

இன்று நம் வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக் காலநிலை ஆராய்ச்சி மையம் பருவத்துக்கு முன்னால் மாவட்டம் மாவட்டமாக மழையளவை எதிர்பார்த்துச் சொல்கிறதே, அதிலும் அந்தத் தெற்கு அலைவுக் குறியீடும் கடல் வெப்பமும்தான் அடிப்படை. பசிபிக்கில் தண்ணீர் சூடானால் ஆடிச் சாரல் குறையப் பார்க்கும். அதே சூடு ஐப்பசி மழையைக் கூட்டப் பார்க்கும். ஒரே கடல், நம் இரண்டு பருவத்துக்கும் எதிரெதிர்க் குறி. 'பார்க்கும்' என்றுதான் எழுதுகிறேன். 1997-ல் பெரிய எல் நினோ வந்தது. நாடெங்கும் எல்லோரும் பயந்தார்கள். தென்மேற்குப் பருவமழை வழக்கம்போலப் பெய்துவிட்டுப் போனது.

வாக்கரிடமிருந்து நீ எடுத்துக்கொள்ள வேண்டியது இன்னொன்று. நூறு கணக்குப் போட்டு அதில் பெரியதாக வந்ததை மட்டும் பொறுக்கி எடுத்தால், அது தற்செயலாகவே பெரிதாக வந்திருக்கலாம் என்று 1914-லேயே அவர் எழுதினார். அதிகம் கணக்குப் போட்டவரே அதைச் சொன்னார் பார். நீ 12 காரணிகளைப் பார்த்ததாக முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறாய். அட்டவணையில் இரண்டுதான் இருக்கின்றன. மீதி பத்தையும் போடு. பூஜ்யம் வந்தாலும் போடு. அதுதான் நேர்மை.

இனி வீட்டு விசயம். இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். உனக்கு 21 வயது ஆகிவிட்டது. தெரிய வேண்டும்.

உன் அப்பத்தா மழையைக் கணிப்பதில் கெட்டிக்காரி. எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடேறினால், தட்டான் தாழப் பறந்தால், "வெறகெடுத்து உள்ள போடு சாமி" என்பாள். பெரும்பாலும் மழை வரும். ஆனால் எறும்புதான் மழையைக் கொண்டுவந்தது என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. எறும்பு மழையோடு வருகிறது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். படிப்பில்லாத அவளுக்கு உடனிகழ்ச்சி புரிந்திருந்தது.

அதே அப்பத்தாவுக்கு உன் அம்மா விசயத்தில் அது புரியாமல் போய்விட்டது.

உன் அப்பா-அம்மா கல்யாணம் 2003 தை மாதம். அந்தச் சித்திரையில் நம் கிணறு தரை தெரிய வற்றியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வெட்டிலும் காய் குறைந்தது. 45 நாளைக்கு ஒரு வெட்டு. ஒவ்வொரு வெட்டுக்கும் களத்தில் விழுந்த காய்க் குவியல் சின்னதாகிக்கொண்டே வந்தது. ஏவாரி வண்டி அரை லோடோடு திரும்பியது. முதலில் ஒரு பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். பிறகு சொந்தத்தில் இரண்டு பேர். கடைசியில் உன் அப்பத்தாவே சொன்னாள்: "அவ கால் வச்ச நேரம்." ஒரு தடவை அல்ல. விசேச வீடுகளில், உன் அம்மா பந்தியில் இலை போட்டுக்கொண்டு நிற்கும்போது, காது கேட்கவே சொன்னாள். உன் அம்மா ஒரு வார்த்தை பதில் பேசியதில்லை. சில காலம் நல்ல காரியங்களில் முன்னால் வந்து நிற்பதையே நிறுத்திக்கொண்டாள். உன் அப்பன் வாய் பேசாதவன்.

நான் பேசியிருக்க வேண்டும். மில்லில் அடுத்தவர் கணக்கில் காரணமும் உடனிகழ்ச்சியும் கலந்தால் அன்றே திருப்பி அனுப்பியவன், ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்கு வந்து அம்மா சொன்னதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போனேன். பெரியவர்கள் முன்னால் பேசக்கூடாது என்று நினைத்தேன். அது தவறு. 22 வருசமாக அது என் மனதில் கிடக்கிறது.

தென்னையைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் இந்த இடத்தில் எழுதுகிறேன். பாளை வெடித்ததிலிருந்து காய் முற்ற ஏறக்குறைய 12 மாசம். அந்தப் பாளை குருத்துக்குள் கருவாகத் தொடங்குவது அதற்கும் இரண்டு மூன்று வருசம் முன்னால். இன்று தண்ணீர் இல்லையென்றால் அதன் அடி இந்த வெட்டில் தெரியாது. அடுத்த வருசம், அதற்கும் அடுத்த வருசம் தெரியும். 2002 ஜூலையில் இந்தியா முழுவதும் பெய்ய வேண்டிய மழையில் பாதிதான் பெய்தது. கேரளத்திலும் மழை தவறியது. பொள்ளாச்சிக்குத் தெற்கே நமக்கு வரும் சாரல் அந்த மழையின் விளிம்புதான். அந்த ஆடியில் கருகிய பாளைதான் 2003-ல் வராத காய். உன் அம்மா நம் வாசலை மிதிப்பதற்கு முன்பே அந்தக் காய் இல்லாமல் போய்விட்டது. காய்க்குறை அவளோடு வந்தது, அவளால் வரவில்லை.

உன் ஆய்விலும் இதே இடத்தில் ஒரு குறை இருக்கிறது. அந்தந்த வருச மழையை அந்தந்த வருசக் காயோடு சேர்த்திருக்கிறாய். மழையை ஒரு வருசம், இரண்டு வருசம் பின்னால் தள்ளி வைத்துக் கணக்குப் போட்டுப் பார். எண் மாறும்.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும், நீ கோபித்துக்கொள்ளக் கூடாது. நீ பிறந்தது 2004. 2005 ஐப்பசியில் தமிழ்நாடு முழுவதும் மழை கொட்டித் தீர்த்தது. கிணறு கைக்கு எட்டும் அளவுக்கு நிறைந்தது. அடுத்த வருசம் காயும் திரும்பி வந்தது. "எம்பேத்தி பொறந்த ராசி" என்று அதே அப்பத்தா உன்னைத் தூக்கி வைத்துக்கொண்டு ஊர் முழுக்கச் சொன்னாள். நீ வளர்ந்ததே அந்தச் சொல்லைக் கேட்டுத்தான். அம்மாவைச் சுட்ட சொல்லும் உன்னைக் கொஞ்சிய சொல்லும் ஒரே தவறில் பிறந்தவை, கண்ணு. முதல் சொல்லைப் பொய் என்று தள்ளும்போது இரண்டாவதையும் சேர்த்துத் தள்ளிவிடத்தான் வேண்டும்.

2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது உனக்கே நினைவிருக்கும். 62 சதவீதம் குறைவு; 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டம் என்று அரசு அறிவித்தது. 2003-ஐவிட மோசம், நம் பக்கம் தென்னை மரங்களே தலை சாய்ந்தன. அந்த வருசம் நம் வீட்டுக்கு எந்த மருமகளும் வரவில்லை. அப்போதுதான் நான் உன் அப்பத்தாவிடம் உட்கார்ந்து பேசினேன். "இப்ப யாரு கால் வச்சாங்கம்மா?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். அன்று சாயந்திரம் உன் அம்மாவைக் கூப்பிட்டுத் தன் தலையை வாரிவிடச் சொன்னாள். அதற்குமேல் அவளிடமிருந்து வார்த்தையாக எதுவும் வரவில்லை. அடுத்த வருசம் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

இந்தக் கடிதத்தோடு ஒரு பார்சல் வருகிறது. உன் அப்பாருவின், அதாவது என் அப்பாவின், வெட்டுக் கணக்கு நோட்டு. 1984 முதல் அவர் கண் மங்கும் வரை ஒவ்வொரு வெட்டுக்கும் எத்தனை காய் என்று எழுதி வைத்திருக்கிறார். ஓரத்தில் மழையைப் பற்றியும் மரத்தைப் பற்றியும் இரண்டு மூன்று சொல் இருக்கும். உன் ஆய்வுக்கு இது உதவும். ஒரு தோட்டத்துக் கணக்குதான் என்பதை மறக்காமல் பயன்படுத்து. மேடத்திடம் காட்டுவதற்கு முன்னால் இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு எடுத்துக்கொண்டு போ.

2002 ஆடிப் பக்கத்தின் மூலையை மடித்து வைத்திருக்கிறேன். கல்யாணத்துக்கு ஆறு மாசம் முன்னால் உன் அப்பாரு பென்சிலில் எழுதியது: "சாரல் இல்லை. பாளை கருகுது." அதை உன் அம்மாவுக்கு நீயே வாசித்துக் காட்டு.

அன்புடன்,
பெரியப்பா